அரச வானொலி: தமிழுக்குப் பங்கு வேண்டும், பிச்சை வேண்டாம்



நட்டத்தில் ஓடும் அரச வானொலியையும் தொலைக்காட்சியையும் மக்கள் பணத்தில் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி கொழும்பில் அடிக்கடி எழுகிறது. விற்றுவிடலாம் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஆட்களைக் குறைக்கலாம் என்கிறார் இன்னொருவர். தமிழ் கேட்பவர்களுக்குத்தான் தனியார் எப்.எம். நிறைய இருக்கிறதே, அரசுக்கு எதற்கு அந்தச் செலவு என்கிறார் மூன்றாமவர்.

இந்தப் பேச்சில் நம்மிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். அம்பாறைக் கரையோரத்தில் இருந்து கரும்பு வெட்டவும் தென்னந்தோட்டக் கூலிக்கும் போகிற நாங்கள், மலைநாட்டில் கொழுந்து பறிக்கிற, பால் வெட்டுகிற உங்களுக்கு இதை எழுதுகிறோம். கல்முனைக்கும் ஹட்டனுக்கும் இடையில் பல மலைகள் இருக்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே மொழியில்தான் செய்தி கேட்கிறோம், ஒரே மொழியில்தான் அது கிடைக்காமலும் போகிறது.

எங்கள் நிலைப்பாடு இதுதான். அரச ஒலிபரப்பை விற்கக் கூடாது. பொதுப்பணத்தில், சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட நிதியில் அது நடக்க வேண்டும். அந்த நிதியில் தமிழுக்குத் தனிப் பங்கும், அந்தப் பங்கைச் செலவழிக்கத் தமிழ்ப் பிரிவுக்குச் சொந்த அதிகாரமும் வேண்டும். இன்றிருக்கும் நிலைமையை அப்படியே காப்பாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

யார் வீட்டுப் பணம்?

ஒரு காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்குத் தபாற் கந்தோரில் லைசன்ஸ் எடுக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல் பாட்டுக் கேட்டால் குற்றம். அந்தக் கட்டணம் இப்போது இல்லை. அதனால் நாம் இலவசமாகக் கேட்கிறோம் என்று எவரும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி நூற்றுக்குப் பதினெட்டு. சவர்க்காரம் வாங்கினாலும், போனுக்கு ரீலோட் போட்டாலும் அந்த வரி நம் கையை விட்டுப் போகிறது. துரைக்கும் அதே வீதம்தான், கொழுந்து பறிக்கிறவளுக்கும் அதே வீதம்தான்.

அரச ஒலிபரப்பு மூன்று வழியில் வயிறு வளர்க்கிறது: விளம்பரம், ஒலிபரப்பு நேரத்தை விற்பது, திறைசேரி தருவது. முதல் இரண்டும் சந்தையைப் பொறுத்தவை. மூன்றாவது அந்தந்த ஆண்டு அமைச்சரின் மனதைப் பொறுத்தது. மூன்றில் எதிலும் தமிழுக்கு இவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நம் சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை நமக்கு ஒரு முறையாவது காட்டியவர் உண்டா?

நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசும் வீட்டைச் சேர்ந்தவர். அம்பாறை மாவட்டத்தில் 2012 குடிசனக் கணக்கின்படி முஸ்லிம்களையும் தமிழர்களையும் சேர்த்தால் பத்தில் ஆறு பேர். வரி கட்டும்போது நாம் முழு ஆள். செலவழிக்கும்போது மட்டும் நாம் எப்படிக் கால் ஆள், அரைக்கால் ஆள் ஆகிறோம்?

தனியார் எப்.எம். போதுமா?

தனியார் வானொலியை நாம் வெறுக்கவில்லை. பாட்டுப் போடுகிறார்கள், கேட்கிறோம். ஆனால் அவர்களுடைய முதலாளி விளம்பரக்காரர். வாங்கும் சக்தி உள்ளவன் எங்கே இருக்கிறானோ அங்கேதான் விளம்பரக்காரரின் கண் இருக்கும். லயத்தில் இருப்பவருக்கும் கரும்பு வயலில் நிற்பவருக்கும் எதை விற்று இலாபம் எடுப்பது?

2021 இல் சம்பள நிர்ணய சபை ஊடாக நாட் சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானியில் வந்ததை நினைத்துப் பாருங்கள். அதில் அடிப்படை 900, மிச்சம் 100 வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின. எதற்கு ஈ.பி.எப். கழிபடும், எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், வழக்கு முடியும் வரை என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் கேள்வி. இதை அரை மணித்தியாலம் பொறுமையாக, நமக்கு விளங்கும் தமிழில் விளக்குவது எந்த விளம்பரத்துக்கும் உதவாது. அதனால்தான் அது பொது ஒலிபரப்பின் வேலை. மீன்பிடிக்குப் போகிறவருக்குக் கடல் நிலைமை, வயல்காரருக்குக் குளத்து நீர் திறக்கும் நாள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் எல்லாம் இந்த வகைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எப்.எம். அலை மலையைத் தாண்டி வளையாது. பள்ளத்தில் இருக்கும் தோட்டத்துக்கு அது சேர வேண்டுமென்றால் இடையில் சிறு பரப்பிக் கோபுரம் வைக்க வேண்டும். ஐந்நூறு குடும்பத்துக்காகத் தனியார் கம்பனி கோபுரம் கட்டுமா? அரசுதான் கட்ட வேண்டும்.

பிந்தி வரும் செய்திக்கு விலை உயிர்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. எங்கள் கரைக்கு அலை வர ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. மருதமுனையில் இருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை முழுவதும் நடந்து போனாலே உயிர் தப்பக்கூடிய நேரம் அது. எச்சரிக்கை எந்த மொழியிலும் வரவில்லை. இலங்கையில் எல்லா மாவட்டங்களிலும் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அன்று எச்சரிக்கும் ஏற்பாடே இருக்கவில்லை, சரி. அதற்குப் பிறகு 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது, கரையில் கோபுரங்கள் வந்தன.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று ஆண்டுக்கணக்காக முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அது கடிதமாக, அறிக்கையாக, கந்தோருக்குக் கந்தோர் போய்வந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தபோது நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மலைநாட்டில் மண் சரிந்து மாண்டவர்கள் அதில் ஏராளம். தமிழில் எச்சரிக்கை பிந்தியும் குறைவாகவும் வந்தது என்று அப்போது பல பக்கத்தில் இருந்தும் முறைப்பாடு எழுந்தது.

மின்சாரம் போய், போன் கோபுரம் விழுந்த இரவில் பற்றரியில் வேலை செய்வது வானொலி ஒன்றுதான். அந்த இரவில் தமிழ் தெரிந்த செய்தியாளர் கடமையில் இருக்க வேண்டும் என்றால் அவருக்குச் சம்பளம் வேண்டும், இரவு வேலைக்கான கொடுப்பனவு வேண்டும், அவர் வர வாகனம் வேண்டும். இதுதான் 'நிதி' என்ற சொல்லின் அர்த்தம். நட்டக் கணக்குப் போடும் கனவான்கள் இந்த இரவுகளையும் அந்தக் கணக்கில் எழுதட்டும்.

சிங்களத்தில் சரியான செய்தி போவதும் நமக்கு உயிர்ப் பிரச்சினைதான். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையின் உணவில் மலட்டு மருந்து கலந்ததாக வதந்தி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு சொன்னார். சில நாளில் திகணையும் எரிந்தது. வதந்திக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நேரமும் ஆகவில்லை. அதே வேகத்தில் இரண்டு மொழியிலும் உண்மையைச் சொல்ல, இரண்டு பக்கத்து மக்களும் நம்பும் ஒரு குரல் அரசிடம் இருந்திருக்க வேண்டாமா? மக்கள் நம்புவது அமைச்சரின் குரலாக ஒலிக்காத வானொலியைத்தான். இங்கேதான் நிர்வாகத்தின் கதை தொடங்குகிறது.

சாவி யார் கையில்?

இலங்கை வானொலி 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தால் 1967 ஜனவரியில் கூட்டுத்தாபனம் ஆனது. ரூபவாஹினி 1982 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பெயர் கூட்டுத்தாபனம், ஆனால் பணிப்பாளர் சபையை நியமிப்பவர் அமைச்சர், பணிப்புரை கொடுப்பவரும் அமைச்சர். அரசாங்கம் மாறினால் தலைவர் மாறுவார், தலைவர் மாறினால் செய்தியின் தொனி மாறும். சிவப்பு, பச்சை, நீலம் எல்லா நிறத்துக்கும் இந்தச் சாவி இனித்தது. நம் பெயரைச் சொல்லி அமைச்சரவைக்குப் போன கட்சிகளும் சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. தங்கள் ஆட்களுக்கு நாலு வேலை கேட்டதோடு சரி.

உயர் நீதிமன்றம் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கவில்லை. இலங்கை வானொலியில் நடந்துகொண்டிருந்த கல்வி நிகழ்ச்சி ஒன்று திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1996 இல் தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்டவர் அறிவிப்பாளரோ அதிகாரியோ இல்லை. வீட்டில் இருந்து கேட்டவர், நிகழ்ச்சியில் பேசியவர், நம்மைப் போல ஒருவர். அடுத்த ஆண்டு, 1997 இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை அதே நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று தடுத்தது. அலைவரிசை மக்கள் சொத்து, அதை ஒழுங்குபடுத்தும் சபை அரசாங்கத்தின் கையில் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அதற்குப் பிறகு எத்தனை அரசாங்கம் வந்து போய்விட்டது!

தேர்தல் காலத்துக்கு மட்டும் ஒரு மருந்து இருக்கிறது. அரச வானொலியோ ரூபவாஹினியோ தேர்தல் ஆணைக்குழுவின் வழிகாட்டலை மீறினால், அரசியல் ஒலிபரப்பைப் பொறுப்பேற்கத் தகுதிவாய்ந்த அதிகாரியை ஆணைக்குழு நியமிக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. அதாவது அமைச்சர் கையில் இருந்து சாவியை எடுக்க முடியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த ஞானம் ஏன் தேர்தலோடு தொடங்கித் தேர்தலோடு முடிகிறது?

தமிழ் என்றால் மொழிபெயர்ப்பு மேசையா?

1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த ஆண்டு பதினாறாம் திருத்தம் அதை நிர்வாகத்துக்கு விரித்தது. ஒலிபரப்பில் மட்டும் தமிழ் இன்னும் ஓரத்து நாற்காலியில் இருக்கிறது.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் பொய் சொல்லமாட்டோம். தேசிய சேவை இருக்கிறது, தென்றல் இருக்கிறது. முஸ்லிம் சேவை தமிழில்தான் பேசுகிறது, நோன்பு காலத்தில் எங்கள் வீடுகளில் அந்தக் குரல் இல்லாமல் இப்தார் இல்லை. பிறை எப்.எம். என்று இந்தக் கரையின் பெயரில் ஒரு பிராந்திய சேவை உருவானது. 2009 இல் வசந்தம் தொலைக்காட்சி வந்தது. ரூபவாஹினியின் இரண்டாவது அலைவரிசையில் நேத்ரா தமிழில் வந்தது. அதே அலைவரிசையில்தான் கிரிக்கெட்டும் வந்தது. இரண்டுக்கும் நேரம் மோதினால் எது எழுந்து இடம் விடும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை.

பெயர்ப்பலகை தொங்குகிறது, உள்ளே ஆளும் பணமும் அதிகாரமும் எவ்வளவு என்பதே கேள்வி. செய்தி சிங்களத்தில் முடிவாகி, தமிழுக்கு மாற்றப்பட்டு வருவதாக இருந்தால் அதில் நம் ஊர் எப்படி இருக்கும்? கண்டியில் இருந்தும் கல்முனையில் இருந்தும் எது செய்தி என்று தீர்மானிக்கும் உரிமை தமிழ்ப் பிரிவுக்கு இருக்க வேண்டும். 'வாப்பா', 'உம்மா', 'ராத்தா' என்று எங்கள் வீட்டுப் பேச்சும், லயத்துப் பேச்சும், யாழ்ப்பாணத்துப் பேச்சும் அதில் கூச்சமில்லாமல் ஒலிக்க வேண்டும்.

முடியாத காரியமா இது? மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்களுக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் பெட்டியைத் திருகிக் கேட்டார்கள். அது அரச வானொலிதான், தமிழ்தான். திறமை எங்கேயும் ஓடிப்போகவில்லை. முதல் போட்டவர் கையை இழுத்துக்கொண்டார்.

பிற நாட்டில் போராடி எடுத்தார்கள்

பிரித்தானியாவின் வேல்ஸ் நாடு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நாடு. வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகத் தேர்தலில் சொன்ன மார்கிரட் தட்சரின் கட்சி, வென்றதும் பின்வாங்கியது. மக்கள் பலர் தொலைக்காட்சி லைசன்ஸ் கட்ட மறுத்தார்கள். க்வின்ஃபர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அவர் நோன்பைத் தொடங்கும் முன்பே, 1980 செப்டம்பரில், அரசாங்கம் இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1 அன்று அந்த அலைவரிசை தொடங்கியது. நம் ரூபவாஹினி தொடங்கிய அதே ஆண்டு. அவர்களுடைய நிதி விலைவாசியோடு ஏற வேண்டும் என்று சட்டத்தில் பிறகு எழுதப்பட்டது. 2011 இல் அந்தச் சட்டப் பாதுகாப்பை நீக்கினார்கள், நிதியும் வெட்டப்பட்டது. பாடம் தெளிவு: சட்டத்தில் எழுதாத பணம் நிற்காது.

சுவிற்சர்லாந்தில் பொது ஒலிபரப்பு நான்கு மொழியில் நடக்கிறது. ஜெர்மன் பேசும் பகுதியில் சேரும் கட்டணத்தில் ஒரு பங்கு பிரெஞ்சு, இத்தாலி பேசும் பகுதிகளுக்குப் போகிறது. சிறு தொகையினரான இத்தாலி மொழியினர் தாங்கள் கட்டுவதைவிடப் பல மடங்கு பெறுகிறார்கள். இந்தக் கட்டணத்தையே ஒழிக்க வேண்டும் என்று 2018 இல் வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஏழு பேர் 'வேண்டும், இருக்கட்டும்' என்றார்கள். தலைக் கணக்குப்படி அளந்தால் சின்ன மொழிக்கு அரைச் செய்தி அறைதான் மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு செய்தி அறைக்கு வேண்டிய ஆளும் கருவியும் எந்த மொழிக்கும் ஒன்றுதானே.

அப்படியானால் தமிழுக்குத் தனிக் கூட்டுத்தாபனம் கேட்கலாமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கோபுரமும் பரப்பியும் பொதுச் சொத்து. தனியே போனால் பெரிய வீடு அவர்களுக்கு, பின்கட்டு நமக்கு என்று பாகம் பிரியும். ஒரே கூரையின் கீழ், சமமான இரண்டு கைகளாக, தனி வரவு செலவோடு இருப்பதே நல்லது. சிங்களத் தொழிலாளரோடு சேர்ந்து கேட்டால்தான் இதுவும் கிடைக்கும். அமைச்சரின் புகழைக் கேட்டு அவர்களுக்கும் காது புளித்துத்தான் போயிருக்கிறது.

நாம் கேட்பது

1. பல ஆண்டுக்கான நிதியைப் பாராளுமன்றம் சட்டத்தால் ஒதுக்க வேண்டும். அதில் தமிழ்ப் பிரிவின் பங்கு தனித் தலைப்பில் இருக்க வேண்டும்.

2. பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிப்பதை நிறுத்தி, ஆணைக்குழுக்களுக்கு நடப்பதுபோல அரசியலமைப்புப் பேரவை ஊடாக நியமிக்க வேண்டும். அதில் மலையகத்தையும் கிழக்குக் கரையையும் தெரிந்தவர்களுக்கு இடம் வேண்டும்.

3. செய்தி எது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தோடு தமிழுக்குத் தனிப் பணிப்பாளர் வேண்டும். கிழக்கிலும் மலைநாட்டிலும் நிரந்தரச் செய்தியாளர் வேண்டும்.

4. அனர்த்த எச்சரிக்கை இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்பதைச் சட்டக் கடமை ஆக்க வேண்டும். இரவு பகல் எந்நேரமும் தமிழ்ச் செய்தியாளர் கடமையில் இருக்க வேண்டும்.

கோரிக்கையை அச்சடித்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதிகாரி எழுதி எடுக்க வேண்டும். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளையும் ஒரு கடிதம் அனுப்பட்டும். கடந்த ஆண்டு தமிழ் சேவைகளுக்கு எவ்வளவு செலவானது? நிரந்தரத் தமிழ்ச் செய்தியாளர் எத்தனை பேர்? இரவுக் கடமையில் எத்தனை பேர்? மலைநாட்டில் இருந்தும் கிழக்கில் இருந்தும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம்? இந்த நான்கு கேள்வி போதும். தமிழில் எச்சரிக்கை வராத ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்ய அந்தக் குறிப்பு வேண்டும்.

வரும் பதில்களை அடுத்த இதழ்களில் அப்படியே அச்சிடுவோம். பதில் வராவிட்டால் வரவில்லை என்று அச்சிடுவோம். அடுத்த மே தின மேடையில் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்தில் இந்தக் கோரிக்கையும் வாசிக்கப்பட வேண்டும் என்று எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

காற்றலை மக்கள் சொத்து என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொத்தில் பங்காளி கணக்குக் கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்போம்.